டூர்தான், அதனால் என்ன?

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலோரக் கத்தோலிக்கக் கோயில்களில் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால், சுவரில் எங்காவது ஒரு ஃபிளெக்ஸ் கண்ணில் படும். ‘எகிப்து, இஸ்ரேல், ஜோர்டான்’ என்று கொட்டை எழுத்து. மூலையில் ஒரு ஃபாதரின் படம். நடுவே தகதகவென்று ஒரு தங்கக் குவிமாடம். (எருசலேம் என்றதும் எல்லா ஏஜென்ட்டும் போடும் அந்தக் குவிமாடம் இஸ்லாமியர்களின் புனிதத்தலம். ஃபிளெக்ஸ் அடிக்கிறவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை.) கீழே புறப்படும் தேதி, கைபேசி எண், அட்வான்ஸ் எவ்வளவு என்ற விவரம். அதைப் படிக்கிற கூட்டத்தில் யாராவது ஒருவர் உதட்டைப் பிதுக்கிவிட்டுத்தான் நகர்வார்: “இதெல்லாம் புனிதப் பயணமா? டூர்!”

இந்த ஒரு சொல் தீர்ப்புக்கு ஆதரவு எல்லாப் பக்கமும் இருக்கிறது. படித்த கத்தோலிக்கர் சொல்கிறார், சில குருக்களே பிரசங்கத்தில் சொல்கிறார்கள், பெந்தெகொஸ்தே சபைக்காரர் சொல்கிறார், டீக்கடைப் பகுத்தறிவாளரும் சொல்கிறார். வேறு எதிலும் ஒத்துப்போகாத இவர்கள் இதில் மட்டும் ஒரே குரல். ஏசி பஸ்ஸில் உட்கார்ந்து, கொடி பிடித்து நடக்கும் கைடின் பின்னால் ஓடி, ஒரு தலத்துக்கு அரை மணி நேரம், அதில் பாதி செல்ஃபிக்கு, பிறகு ஷாப்பிங். பக்தி இருந்தால் வேளாங்கண்ணிக்கு நடந்து போகட்டும். துறைமுகத்தில் மூட்டை தூக்கியும் மீன் விற்றும் சேர்த்த காசை விமானக்காரனுக்குக் கொடுப்பானேன்? வாதம் இவ்வளவுதான். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் சொல்லப்படும் வரலாறு தவறு, பக்தியைப் பற்றிய கருத்து குறுகலானது. பணத்தைப் பற்றிய பேச்சில் மறைந்திருப்பதோ வேறொரு சங்கதி.

முதலில் வரலாறு. டூரைப் பழிப்பவர்களின் மனத்தில் ஒரு பழைய யாத்திரிகர் இருக்கிறார். கையில் கோல், தோளில் மூட்டை, தன்னந்தனியாக, ஏஜென்ட் இல்லாமல், அவசரம் இல்லாமல் எருசலேமை நோக்கி நடப்பவர். அப்படி ஒருவர் எப்போதாவது நடந்திருக்கலாம். ஆனால் எழுதி வைத்தவர்களின் குறிப்புகளில் தென்படுவது முழுக்க வேறு ஆள்.

நான்காம் நூற்றாண்டின் இறுதியில், 381 முதல் 384 வரை, ஐரோப்பாவின் மேற்கு ஓரத்திலிருந்து எகேரியா என்ற பெண்மணி புனித பூமிக்கு வந்தார். அவர் எழுதிய பயணக் கடிதத்தின் பிரதி 1884-இல் இத்தாலியின் அரேட்சோ நகரில் கிடைத்தது. அவர் எந்த இடத்தையும் தனியாகத் தேடி அலையவில்லை. போகிற இடமெல்லாம் அங்கிருந்த துறவிகள் கூடவே வந்து, மோசே நின்ற இடம் இது, இஸ்ரயேலர் கூடாரம் அடித்த இடம் அது என்று காட்டினார்கள். ஒவ்வோர் இடத்திலும் அந்த இடத்துக்குரிய விவிலியப் பகுதியை வாசித்து, ஒரு திருப்பாடல் சொல்லி, செபித்துவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்தார்கள். ஆபத்தான பாதையில் ரோமானியச் சிப்பாய்கள் காவலுக்கு வந்தார்கள். இன்றைக்குத் தண்டையார்பேட்டையிலிருந்து போகும் குழுவில் ஃபாதர் பைபிளைத் திறந்து வாசிக்க, கைடு கையை நீட்டிக் காட்ட, பாட்டு ஒன்று பாடிவிட்டு பஸ் ஏறுகிறார்களே, அதே வரிசை. 1,600 ஆண்டுகளில் மாறியது வண்டி மட்டும்தான்.

இன்னும் கிட்டத்தில் வந்து பார்க்க வேண்டுமானால் பெலிக்ஸ் பாப்ரியைப் பார்க்கலாம். ஜெர்மனியின் உல்ம் நகரத்துத் தொமினிக்கன் துறவி. 1480-இல் ஒருமுறையும் 1483-இல் மறுமுறையும் எருசலேம் போனவர். இரண்டாம் முறை அவர் வெனிஸ் நகரத்துக்கு வந்து சேர்ந்தபோது, புனித மாற்கு சதுக்கத்தில் சிவப்புச் சிலுவை போட்ட வெள்ளைக் கொடிகள் பறந்துகொண்டிருந்தன. யாத்திரைக் கப்பலுக்கு ஆள் சேர்க்கிறார்கள் என்பதற்கு அடையாளம் அது. இரண்டு கப்பல் முதலாளிகள். இருவரின் ஆட்களும் யாத்திரிகர்களை வழிமறித்து “எங்கள் கப்பலுக்கு வாருங்கள், அவன் கப்பல் ஓட்டை” என்கிற பாணியில் ஒருவரை ஒருவர் தூற்றிக்கொண்டிருந்தார்கள். கோயில் வாசல் ஃபிளெக்ஸ் இதைவிட நாகரிகமானது.

பாப்ரியின் குழு கடைசியில் ஒரு முதலாளியுடன் எழுத்து மூலமாக ஒப்பந்தம் போட்டது. ஆளுக்கு 40 தங்க டூக்கட் காசு. பாதி வெனிஸில், மீதி யாப்பா துறைமுகத்தில். அந்தத் தொகைக்குள் கப்பல் பயணம், தினம் இரண்டு வேளைச் சாப்பாடு, வழியெல்லாம் கட்ட வேண்டிய சுங்கம், புனித பூமிக்குள் ஏறிப் போகக் கழுதை எல்லாம் அடக்கம். இன்றைய ஏஜென்ட் அடிக்கும் நோட்டீஸில் ‘விசா, விமானக் கட்டணம், மூன்று வேளை உணவு, ஏசி பேருந்து உட்பட’ என்று இருப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம், கழுதையைத் தவிர? வெளியூர் யாத்திரிகருக்குக் கப்பல் பேசித் தரவும் காசு மாற்றித் தரவும் வெனிஸ் அரசே உரிமம் கொடுத்த வழிகாட்டிகளைச் சதுக்கத்தில் நிறுத்தியிருந்தது. யாத்திரை அன்றைக்கே ஒழுங்காக நடத்தப்பட்ட தொழில்.

‘எட்டு நாளில் என்னத்தைப் பார்ப்பது’ என்ற புகாரும் புதிதல்ல. 1480 பயணத்தில் தாங்கள் புனித பூமியில் இருந்தது ஒன்பது நாள்தான் என்றும், இரவு பகலாக விரட்டினார்கள் என்றும், எதுவும் மனத்தில் தங்கவில்லை என்றும் பாப்ரியே புலம்புகிறார். அதனால்தான் மறுபடி போனார். யாத்திரிகர் நடத்தையும் இன்று நேற்று கெட்டுவிடவில்லை. ராம்லா என்ற ஊரில் பிரான்சிஸ்கன் துறவிகளின் தலைவர் அவர்களை உட்காரவைத்து 27 விதிகளைப் படித்துக் காட்டினார். எருசலேமில் இயேசுவின் கல்லறைக் கோயிலின் கல்லை உடைத்து எடுக்கக் கூடாது, சுவரில் பேரையும் குலச் சின்னத்தையும் செதுக்கக் கூடாது என்பவை அவற்றில் சில. ஏற்கெனவே நிறையப் பேர் அதைச் செய்ததால்தானே விதி வந்தது? செல்ஃபி எடுப்பவர் குறைந்தபட்சம் சுவரைக் கெடுக்காமல் வருகிறார். ஷாப்பிங் பற்றியும் சொல்லிவிடலாம்: பாப்ரியின் காலத்தில் யாத்திரிகர்களைக் கல்லறைக் கோயிலுக்குள் விட்டு இரவு முழுக்க வெளியிலிருந்து பூட்டி வைப்பார்கள், அவர்களோடு வியாபாரிகளும் உள்ளே போய்க் கடை விரிப்பார்கள். அந்தத் துறவி தலையில் அடித்துக்கொள்கிறார். ஆனால் அந்தப் பயணிகளைப் பொய் யாத்திரிகர்கள் என்று அவர் ஒதுக்கவில்லை.

பிறகு நீராவி வந்தது. பயண ஏற்பாட்டாளர் தாமஸ் குக் 1869-இல் தன் முதல் குழுவை எகிப்துக்கும் பாலஸ்தீனத்துக்கும் அழைத்துப் போனார். லூர்து நகரில் பெர்னதெத் என்ற சிறுமிக்கு மாதா காட்சி கொடுத்தது 1858-இல். ரயில் பாதை 1866-இல் வந்து சேர்ந்தது. 1873 முதல் பிரான்ஸ் முழுவதிலுமிருந்து தேசிய யாத்திரைகள் ரயில் ரயிலாக வர ஆரம்பித்தன. ரயில் இல்லாவிட்டால் லூர்து ஒரு மலையடிவாரத்துச் சிற்றூராகவே இருந்திருக்கும். வடசென்னைக்காரருக்கு இதைப் புரியவைக்க அதிகம் மெனக்கெட வேண்டாம். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்டது ராயபுரத்திலிருந்து. பிரான்ஸின் லூர்து பேராலயத்தின் சாயலில் எழும்பிய மாதா கோயில் நிற்பது பெரம்பூரில், ரயில்வே பணிமனைகளின் ஊரில். யாத்திரையும் போக்குவரத்தும் கைகோத்து வளர்ந்தவை என்பதற்கு இந்தப் பக்கத்து வரைபடமே சாட்சி.

இனி, ‘வேளாங்கண்ணிக்கு நடந்து போகட்டும்’ என்ற அறிவுரை. ஆகஸ்ட் கடைசியில், வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு முன்பாக, வடசென்னையிலிருந்து காவி உடுத்திய குழுக்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறங்குவது உண்மைதான். 300 கிலோமீட்டருக்கு மேல் நடை. அந்த நடையின் பெருமையை யாரும் குறைக்க வேண்டியதில்லை. ஆனால் அது தனி ஆள் தவமா? குழுவுக்கு ஒரு தலைவர் உண்டு. வருஷா வருஷம் போய்வந்த அனுபவசாலி. மாதா சுரூபம் வைத்த தள்ளுவண்டி முன்னே போகும். துணி மூட்டை, அரிசி, பாத்திரம், ஜெனரேட்டர் சகிதம் டெம்போ ஒன்று பின்னாலேயே வரும். எந்த ஊரில் மத்தியானச் சாப்பாடு, எந்தக் கோயில் வளாகத்தில் ராத்தங்கல் என்பதெல்லாம் முன்கூட்டியே பேசி வைத்தாயிற்று. ஆளுக்கு இவ்வளவு என்று பணமும் வசூலித்தாயிற்று. கூட்டிக்கொண்டு போகிறவர், கட்டணம், கால அட்டவணை மூன்றும் இதிலும் இருக்கின்றன. போகிற ஆட்களும் பல வீடுகளில் ஒரே ஆட்கள்தான்: இளவயதில் வேளாங்கண்ணிக்கு நடந்தவர், முட்டி வலி வந்த பிறகு எருசலேமுக்குப் பேர் கொடுக்கிறார். இரண்டையும் எதிரெதிராக நிறுத்துவது வெளியிலிருந்து பார்க்கிறவர் செய்கிற வேலை.

கிறிஸ்தவத்துக்கு மட்டும் உரிய வழக்கமும் அல்ல இது. குருசாமி இல்லாமல் கன்னிசாமி மலை ஏறுவதில்லை. பௌர்ணமியன்று மேலூர் திருவுடையம்மன், திருவொற்றியூர் வடிவுடையம்மன், வட திருமுல்லைவாயல் கொடியிடையம்மன் என்று காலையிலிருந்து மாலைக்குள் மூன்று அம்மனையும் தரிசிக்க வேன் பிடித்துப் போகிறார்கள். அதை யாரும் ‘ஒன் டே டூர்’ என்று நக்கலடிப்பதில்லை. அன்றைய சென்னை சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமி, 1830 மே 18 இரவு காசி யாத்திரைக்காகச் சென்னப்பட்டணத்தை விட்டுக் கிளம்பி முதலில் வந்து இறங்கிய இடம் தண்டையார்பேட்டை. குடும்பத்தார், நண்பர்கள், வேலையாட்கள் என்று ஏறக்குறைய 100 பேர் கூட. திரும்பி வர 15 மாதத்துக்கு மேல் ஆயிற்று. வழியெல்லாம் எந்த ஊரில் என்ன விலை, யாருக்கு எவ்வளவு சுங்கம் என்று அவர் தெலுங்கில் எழுதி வைத்த குறிப்புகள்தான் இன்றைக்கு வரலாற்று ஆய்வாளர்களுக்குப் பொக்கிஷம். கணக்கு எழுதியதால் அவருடைய கங்கை ஸ்நானம் தீட்டுப்பட்டுவிட்டதா?

சரி, வரலாறு இருக்கட்டும். அந்த எட்டு நாளில் ஒருவருக்கு உண்மையிலேயே ஏதாவது கிடைக்கிறதா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குக் கலிலேயக் கடலுக்குப் போக வேண்டும்.

எல்லாக் குழுவையும் அங்கே ஒரு மரப்படகில் ஏற்றுவார்கள். நடு ஏரியில் இன்ஜினை நிறுத்தி, வந்தவர்களின் நாட்டுக் கொடியை ஏற்றி, தேசிய கீதம் போடுவார்கள். தமிழ்க் குழு என்றால் ஜன கண மன. பிறகு படகுக்காரர் ஒரு வலையை எடுத்து வீசிக் காட்டுவார். சுற்றுலாத்தனம் என்று சொல்ல இதைவிடப் பொருத்தமான காட்சி கிடைக்காது. ஆனால் வேடிக்கை பார்ப்பவர் காசிமேட்டு வலைக்காரராக இருந்தால் கதை மாறுகிறது. அவர் கண் முதலில் வலையின் விளிம்புக்குப் போகும்: ஈயக்குண்டு எத்தனை இடைவெளியில், கண்ணி எவ்வளவு, வட்டம் முழுசாக விரிந்து விழுந்ததா? வீச்சு வலையை வாழ்நாள் முழுக்கப் பார்த்தவருக்கு அது நாடகம் இல்லை, தொழில். கடல் கடல் என்று பிரசங்கத்தில் கேட்டு வளர்ந்தது உப்பில்லாத ஏரி என்பது அங்கே போனால்தான் உறைக்கிறது. நீளம் 21 கிலோமீட்டர், அகலம் 13. பழவேற்காடு ஏரியைவிடச் சின்னது. கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே மலைகளுக்கு நடுவே கிடப்பதால் மேற்கிலிருந்து காற்று திடீரென்று இறங்கும். சீடர்கள் ஏன் அப்படிப் பதறினார்கள் என்பது வங்கக்கடலில் புயல் பார்த்தவருக்கு அந்த இடத்தில் வேறு விதமாகப் புரியும். இரவெல்லாம் வலை வீசி ஒன்றும் அகப்படவில்லை என்று ராயப்பர் என்கிற பேதுரு சொன்ன வார்த்தையை விளக்க அவருக்குக் கைடு தேவையே இல்லை.

கரையில் ஒரு கண்காட்சி உண்டு. 1986-இல் வறட்சியில் ஏரி வற்றியபோது கின்னோசர் கிப்புட்ஸைச் சேர்ந்த மீனவச் சகோதரர்கள் இருவர் சேற்றில் கண்டெடுத்த 2,000 ஆண்டுப் பழைய படகு. நீளம் 8.27 மீட்டர், அகலம் 2.3. ஏறத்தாழ நம் ஃபைபர் படகின் அளவு. கிடைத்த மரத்தையெல்லாம் வைத்து ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு ஓட்டியிருக்கிறார்கள். வசதியில்லாதவன் படகு என்பது பார்த்தாலே தெரியும். ராயபுரத்தில் ராயப்பர் கோயிலைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டியவர்கள், ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் பலகையைத் தைத்த மசூலாப் படகில், கப்பலிலிருந்து ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கரை சேர்த்த படகுக்காரர்கள். அவர்களுடைய கொள்ளுப் பேரன் பேத்திகள் அந்தக் கண்ணாடிக் கூடத்தில் நிற்கும் நேரம் கால் மணிதான் என்றாலும், பார்க்கத் தெரிந்தவருக்குக் கால் மணி போதும்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு ‘புனித பேதுரு மீன்’ என்று ஒன்றை முழுசாகப் பொரித்து எலுமிச்சையோடு வைப்பார்கள். தட்டைப் பார்த்ததும் நம் ஆட்கள் சிரித்துவிடுவார்கள். அது ஜிலேபி மீனின் சொந்தக்காரன். வஞ்சிரமும் வவ்வாலும் கிடைக்கும் ஊரில் யாரும் சீந்தாத மீனை டாலர் கணக்கில் விற்கிறார்கள். பேதுருவும் இதைத்தான் தின்றாரா என்று கேட்டால், இந்த இன மீன் அந்த ஏரியின் பூர்வீகம்தான். பக்தியும் சிரிப்பும் ஒரே மேசையில் உட்காரக் கூடாது என்று எந்த மறைக்கல்வியிலும் எழுதவில்லை.

இதற்கெல்லாம் வேரிலேயே கோடாலி வைக்கும் ஆட்சேபம் ஒன்று இருக்கிறது: கடவுள் எங்கும் இருக்கிறார், இடத்தைத் தேடி ஏன் ஓட வேண்டும்? சமாரியப் பெண்ணிடம் இயேசு, தந்தையை வழிபட இந்த மலையும் வேண்டாம் எருசலேமும் வேண்டாம் என்கிற காலம் வரும் என்றாரே? இது கனமான கேள்வி, திருச்சபைக்குள்ளேயே பிறந்தது. நான்காம் நூற்றாண்டு ஆயர் நிஸ்ஸா நகர் கிரகோரியார் எருசலேமை நேரில் பார்த்துவிட்டு வந்து எழுதிய கடிதத்தில், இடம் மாறினால் கடவுள் கிட்டத்தில் வந்துவிடுவதில்லை, அந்தப் புனித நகரில் நடக்காத அக்கிரமம் இல்லை என்று காட்டமாகவே சொல்கிறார். அவர் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் யாருக்குப் பதிலாகச் சொன்னார்? எருசலேம் போவது துறவிகளுக்குக் கடமை என்று பேசியவர்களுக்கு. கத்தோலிக்கத்தில் இஸ்லாமியருக்கு ஹஜ் இருப்பதுபோலக் கட்டாய யாத்திரை எதுவும் கிடையாது. போகாதவர் குறைந்தவர் என்று எந்த மேடையிலும் யாரும் சொல்வதில்லை. கடமை இல்லாத ஒன்றை ஆசையால் செய்கிறவரிடம் போய், உனக்கு இது கடமை இல்லையே என்று சொல்வதில் வாதம் என்ன இருக்கிறது? திருவாரூரில் பிறக்க முக்தி என்பதற்காகத் திருவொற்றியூர்க்காரர் யாரும் வீட்டைக் காலி செய்யவில்லை. திருவாரூருக்குப் போகாமலும் இருக்கவில்லை.

‘வெளிநாட்டுத் தலம் எதற்கு’ என்பவர்களுக்குச் சென்னையே பதில். உலகத்தின் வேறு மூலைகளுக்கு, இயேசுவின் சீடர் தோமையாரின் கல்லறை உள்ள மயிலாப்பூர்தான் வெளிநாட்டுத் தலம். இந்தியாவில் தோமையாரின் கல்லறையைப் பார்த்துவிட்டு வந்த தெயதோர் என்பவர் சொன்னதை ஆறாம் நூற்றாண்டில் தூர் நகர் கிரகோரியார் பதிவு செய்திருக்கிறார். இங்கிலாந்தின் ஆல்பிரட் மன்னர் இந்தியாவில் தோமையாருக்குக் காணிக்கை அனுப்பியதாக ஆங்கிலோ சாக்சன் குறிப்பேட்டில் 883-ஆம் ஆண்டுக்குக் கீழே இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ, கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இங்கே யாத்திரை வருவதையும், தோமையார் உயிர்விட்ட இடத்துச் செம்மண்ணை எடுத்துப்போய்க் காய்ச்சல்காரருக்குக் கரைத்துக் கொடுப்பதையும் எழுதுகிறார். இன்றைக்கு யோர்தான் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு மீனம்பாக்கத்தில் இறங்குகிற அம்மாளைப் பார்த்துச் சிரிப்பவர், நம் ஊர் மண்ணை மடியில் கட்டிக்கொண்டு போனவரையும் சேர்த்துத்தான் சிரிக்க வேண்டும். ஒலிவ மலையில் ‘பரலோக மந்திரம்’ கோயிலின் சுவர்களில் 100-க்கும் மேற்பட்ட மொழிகளில் அந்தச் செபம் பதிக்கப்பட்டிருக்கிறது. தமிழ்ப் பலகை எங்கே என்று தேடிப்பிடித்து அதன் முன்னால் நின்று படம் எடுக்காத தமிழ்க் குழு இல்லை. அதையும் செல்ஃபி மோகம் என்று கணக்கில் எழுதுகிறார்கள்.

பணத்துக்கு வருவோம். எருசலேம் போய்வர ஆளுக்கு லட்சத்துக்கு மேல் ஆகிறது. துறைமுகத்திலோ மணலி, எண்ணூர் ஆலைகளிலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் பி.எஃப். பணத்தில் ஒரு பகுதியை எடுக்கிறார். மீன் வியாபாரம் செய்யும் பெண்மணி சீட்டு போட்டுச் சேர்க்கிறார். துபாயில் இருக்கும் மகன் அனுப்புகிறான். இதைப் பார்த்துப் பதறுகிறவர்கள், நுங்கம்பாக்கத்துக் குடும்பம் ஒன்று சுவிட்சர்லாந்தில் பனி பார்க்கப் போனால் பதறுவதில்லை. அங்கே அது ‘விடுமுறை’; இங்கே அது ‘ஆடம்பரம்’. டூர் என்ற சொல்லின் அடியில் கிடக்கும் சங்கதி இதுதான்: போகிற முறை இவர்களை உறுத்தவில்லை, போகிற ஆள் உறுத்துகிறார்.

எண்ணூர் பற்றி எரியும்போது எருசலேம் எதற்கு என்று சிலர் கொஞ்சம் கூடுதல் நியாயத்தோடு கேட்பதுண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து வந்த எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தில் படர்ந்து, படகும் வலையும் கருத்து, வாரக்கணக்கில் தொழில் போயிற்று. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவு பெரியகுப்பம் கரையில் அமோனியா கசிந்து ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். இந்த மக்களுக்கு நூறு தேவைகள் இருக்கின்றன, உண்மை. ஆனால் முகத்துவாரத்தைக் கெடுத்த கணக்கை யார் தீர்க்க வேண்டுமோ அவர்களிடம் கேட்காமல், ஒரு கிழவியின் சீட்டுப் பணத்திலிருந்து ஏன் கழிக்க வேண்டும்? ஏழை தன் சம்பாத்தியத்தை அரிசி, மருந்து, பள்ளிக் கட்டணம் மூன்றுக்கு மட்டுமே செலவழிக்க வேண்டும் என்பது இரக்கம்போல் தோன்றும். அவருக்கு வேறு ஆசை எதுவும் வரக் கூடாது என்ற கண்டிப்பு அதற்குள் இருக்கிறது.

இவ்வளவு சொன்னதால் இந்த டூர் தொழிலில் எல்லாம் சரியாக நடக்கிறது என்று பொருளாகாது. குறை இருக்கிறது, டூர் என்று பழிப்பவர்கள் கைவைக்காத இடத்தில் இருக்கிறது. இத்தனை பேரைச் சேர்த்தால் ஒரு சீட் இலவசம் என்ற ஏற்பாட்டில், ஆன்மிக வழிகாட்டி சத்தமில்லாமல் ஆள்பிடிப்பவராகவும் ஆகிவிடுகிறார். அது பயணிகளுக்கு வெளிப்படையாகத் தெரிய வேண்டும். அட்வான்ஸை வாங்கிக்கொண்டு தேதியைத் தள்ளிக்கொண்டே போகிற ஏஜென்ட்டுகளைப் பற்றி இந்தப் பக்கத்தில் கதைகள் உண்டு. 2023 அக்டோபரில் காசா போர் தொடங்கி டூர்கள் நின்றபோது, கட்டிய பணம் என்னவாகும் என்ற கேள்விக்குப் பலரிடம் ரசீதைத் தவிர வேறு எழுத்து எதுவும் இல்லை. 1483-இல் பாப்ரியின் குழுவுக்குக் கிடைத்த அளவுக்கு விவரமான ஒப்பந்தம் இன்றைய சென்னைப் பயணிக்கு வேண்டும் என்று கேட்பது அதிகப்படி இல்லை.

அதைவிடப் பெரிய குறை ஒன்று. பெத்லகேமுக்குள் நுழைகிற பஸ் கான்கிரீட் மதில் ஒன்றைத் தாண்டித்தான் போகிறது. அந்த மதிலுக்கு உள்ளே இருப்பவர்களில் இயேசு பிறந்த ஊரின் கிறிஸ்தவர்களும் உண்டு. அரபு பேசுகிறவர்கள், பாலஸ்தீனர்கள், தலைமுறைக்குத் தலைமுறை எண்ணிக்கையில் தேய்ந்து வருகிறவர்கள். அவர்களில் பலர் ஒலிவ மரத்தில் சுரூபம் செதுக்கி யாத்திரிகருக்கு விற்றுத்தான் பிழைக்கிறார்கள். 2023-லும் 2024-லும் அந்த ஊரில் கிறிஸ்துமஸ் கொண்டாட்டமே இல்லை. இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் குழுவை இறக்கி ஏற்றுகிற கைடுகள் நிறைய. கேட்காத ஃபாதர்களும் நிறைய. நம் கடலோரத்தில் ஆலை மதிலுக்கும் குழாய்க்கும் நடுவே வாழ்கிறவர்களுக்கு மதில் என்றால் என்னவென்று புரியாதா? சொல்லிப் பார்த்தால்தானே தெரியும். ஷாப்பிங் என்று இகழப்படும் அந்த அரை மணி நேரத்தில் எந்தக் கடை முன்னால் பஸ் நிற்கிறது, காசு யார் கைக்குப் போகிறது என்று கேட்கிற குழுத் தலைவர்கள் வேண்டும்.

அரசு மானியம் பற்றிய சண்டையிலும், குறை இருக்கும் இடத்தை விட்டு வேறிடத்தைச் சாடும் அதே கோணல்தான். எருசலேம் புனிதப் பயணத்துக்குத் தமிழக அரசு நிதியுதவி தருவதை 2011-இல் ஜெயலலிதா ஆட்சி அறிவித்தது. முதலில் ஆளுக்கு 20,000 ரூபாய். பிறகு 37,000 ஆயிற்று, கன்னியர்களுக்கு 60,000. கயிலாய மானசரோவர், முக்திநாத் போகும் இந்துக்களுக்கும் அரசு உதவித்தொகை இருக்கிறது. மதச்சார்பற்ற அரசு யாருக்குமே இதைத் தரலாமா என்று பொதுவாகக் கேட்பவரோடு விவாதிக்கலாம். ஆனால் வருஷா வருஷம் எழும் கூச்சல், ‘இவர்கள் டூர் போக நம் வரிப்பணமா’ என்பது. கூச்சல் போடுகிறவர்கள் விண்ணப்பப் படிவத்தைப் படித்திருக்க மாட்டார்கள். இப்போதைய முறையில் பணம் போய்வந்த பிறகுதான் வங்கிக் கணக்குக்கு வருகிறது. முழுத் தொகையையும் முதலில் கையிலிருந்து கட்ட முடிந்தவருக்கே அது பயன்படும். அண்ணா நகரில் இருப்பவர் கட்டிவிடுவார். எர்ணாவூரில் கருவாடு காயவைக்கிறவர் அந்த 37,000-ஐ நம்பி வட்டிக்கு வாங்கினால், பணம் வந்து சேர்வதற்குள் வட்டி அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். தேர்வானவரின் பங்கை, பதிவு பெற்ற ஏஜென்ட்டின் பேருக்கு, விமான டிக்கெட் எடுக்கும் கட்டத்திலேயே அரசு நேரடியாகச் செலுத்தலாம். பயணம் ரத்தானால் அதே வழியில் திரும்பப் பெறலாம். ஆயர் மன்றங்களும் சிறுபான்மையினர் நலத் துறையும் உட்கார்ந்து பேசித் தீர்க்கக்கூடிய விஷயம் இது. அடுத்த விண்ணப்ப அறிவிப்பு வருவதற்கு முன் பேச வேண்டும்.